ரோசி தின்ற எண்ணெய்

மாசிப் பனி கொட்டிய ஒரு விடியற்காலையில், மொட்டைக்கல் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரையின் முயற்கொட்டிலில், ரோசி என்னும் வெள்ளை முயல் தான் ஈன்ற குட்டிகளைத் தின்றுவிட்டது. மார்பு மயிரைப் பிடுங்கி மெத்தை அமைத்து, அதன்மேல் ஈன்று, அம்மெத்தையிலேயே வைத்துத் தின்றிருந்தது. தவிட்டுச் சட்டியோடு கூட்டைத் திறந்த கொட்டில் வேலையாள் வீரய்யா, இரத்தத்தில் ஊறிய மயிரையும் தலையற்ற இரண்டு சிவந்த உடல்களையும் கண்டான். ரோசி, வாயைச் சுற்றிக் கறை படிந்திருக்க, ஒன்றும் நடவாததுபோல் மூக்கை அசைத்துக்கொண்டிருந்தது.

துரை வந்து பார்த்தார். முதலில் ரோசியின் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு திரும்பி வீரய்யாவின் கன்னத்தில் அறைந்தார். முயல் செய்த கொலைக்கு மனிதன் அறை வாங்கியதை அங்கே நின்றவர்களுள் எவரும் அநியாயம் என்று கருதவில்லை. தோட்டத்தில் நியாயத்துக்கு அதுவே முகம்.

"நீ பட்டினி போட்டான்," என்றார் துரை, தமக்குத் தெரிந்த தமிழில். "தாய்க்குக் கொழுப்பு இல்லே. கொழுப்பு இல்லே, பால் இல்லே. பால் இல்லே, குட்டி தின்னும். தெரியும்?"

"தெரியாதுங்க தொரை."

"இனிமே தெரியும்."

சீமையிலிருந்து வரும் பண்ணை இதழொன்றில், சினை முயலுக்கும் பால்கொடுக்கும் முயலுக்கும் தீனியோடு கொழுப்புச் சேர்த்தால் குட்டிகள் விரைவிற் கொழுக்கும் என்று துரை படித்திருந்தார். சித்திரையில் நுவரெலியாவில் நடைபெறும் கண்காட்சிக்குத் தம் முயல்களைக் கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆகவே அன்றுமுதல், பங்களாக் குசினியில் உருக்கிய மாட்டுக் கொழுப்பு ஒரு தகரத்தில் அடைபட்டு நாள்தோறும் கொட்டிலுக்கு வந்தது. அதனைத் தவிட்டிற் பிசைந்து தாய் முயல்களுக்குக் கொடுக்கவேண்டும். குட்டிகள் கண் திறந்து தவிடு கொறிக்கத் தொடங்கியதும் அவற்றுக்கும் கொடுக்கவேண்டும். அதனை மேற்பார்வை செய்யும் பொறுப்பு, தோட்டத்து உத்தியோகத்தரான கண்டாக்கு துரைராசாவின் தலையில் விழுந்தது.

துரைராசா யாழ்ப்பாணத்தவர், கந்தசஷ்டி விரதம் தவறாதவர். தகரத்தைக் கண்டதும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மூடியத் திற. கிட்டக் கொண்டு வராதை! அங்கையே வைச்சுப் பிசை. தவிடு மினுங்க வேணும். மினுங்கேல்லையெண்டா உன்ர தோல உரிச்சுப்போடுவன், விளங்கிச்சோ?"

"விளங்குதுங்க ஐயா. ஆனா எனக்குக் காப்புக் கட்டியிருக்குங்க."

வீரய்யாவின் வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல் இருந்தது. மாசி மாதத்துக் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியாகிவிட்டது. காமனை எரிக்கும் நாள்வரை அக்கம்பத்துக்கு விடியலில் தண்ணீர் வார்ப்பவன் அவன். எரிக்கும் அன்று வீரபத்திரனாகச் சாட்டை எடுத்து ஆடுபவனும் அவனே. அந்தக் கையால் மாட்டுக் கொழுப்பை அளைந்துவிட்டு, அதே கையால் கம்பத்துக்குத் தண்ணீர் வார்த்தால், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு குழந்தைகூட உயிரோடு மிஞ்சாது என்று எல்லாரும் நம்பினர். அவன் எல்லாரையும்விட அதிகமாக நம்பினான்.

"காப்போ கீப்போ, அது உன்ர பாடு," என்றார் கண்டாக்கு. "துரை கேட்டா நான் பதில் சொல்லேலாது."

இவ்வளவையும் சொன்னவர் தகரத்துக்குப் பத்தடி தள்ளியே நின்றார். மறுநாளும் அவ்வாறே நின்றார். தவிடு மினுங்குகிறதா என்று தொலைவிலிருந்து பார்த்தாரேயன்றி, குனிந்து முகர்ந்தாரல்லர். அதனாலேயே வீரய்யாவால் அவரை ஏமாற்ற முடிந்தது.

அவர் வருமுன்பே கொழுப்பைக் கொட்டிலுக்குப் பின்னே இருந்த வடிகாற் கானில் கவிழ்த்து, நீண்ட தடியால் மண்ணைத் தள்ளி மூடினான். தவிட்டில் தன் வீட்டுத் தேங்காயெண்ணெயை வார்த்துப் பிசைந்தான். தவிடு மினுங்கிற்று.

*

வீரய்யாவின் காம்பரா, மேட்டு லயத்து அறை வரிசையில் கடைசிக் காம்பரா. அதன் உட்புறத்தில், கோணிச்சாக்குத் தொங்கிய மறைவில், அவன் மனைவி பூரணி பிள்ளை பெற்றுக் கிடந்தாள். இது மூன்றாவது பிள்ளை. முன்னைய இரண்டும் பாலின்றி இறந்தன. பெற்ற உடம்பு தேறுமுன், விடியலில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்க் கூடை சுமந்தவளுக்குப் பால் எங்கிருந்து ஊறும்? இம்முறை அவளுடைய தாய் வேலாயி, டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தானே வந்து சேர்ந்துவிட்டாள்.

வந்த அன்று வேலாயி மூட்டையை அவிழ்த்தபடி பேசிய பேச்சு, லயம் முழுவதற்கும் கேட்டது.

"சிவனொளிபாத மலைக்குப் போற சனத்தோட சனமா, பஸ்ஸுல ஒத்தக் கால்ல நின்னு வந்தேன்டி. ஒரு சிங்களக் கிழவி 'சாது சாது'ன்னு சொல்லிக்கிட்டே என் மேல வாந்தி எடுத்துட்டா. போத்தல் ரெண்டையும் வயித்தோட கட்டிக்கிட்டு, நான்தான் புள்ளத்தாச்சி மாதிரி வந்தேன்."

"என்ன போத்தல் ஆத்தா?"

"நல்லெண்ணெய்டி. மாத்தளையில ஒங்க சித்தப்பன் செக்குல ஆட்டிக் குடுத்தது. பெத்த ஒடம்புக்குக் காய மருந்து கிண்டி எண்ணெய் ஊத்தித் தாரேன், மூணு வேளையும் தின்னு. இந்தப் புள்ளைய எமன் வந்தாலும் எடுத்துக்கிட்டுப் போவக்கூடாது." பிறகு வாசலில் நின்ற மருமகனைப் பார்த்தாள். "மாப்பிள, இந்தப் போத்தல் பக்கம் நீங்க திரும்பக்கூடாது. தலைக்குத் தேச்சுக்கிட்டு மைனர் மாதிரித் திரியாதீங்க."

"எந்தலையில மசுரு எங்க அத்தே இருக்கு? பூராவும் கொழுந்து கூடை அரிச்சுத் தின்னுருச்சே," என்றான் வீரய்யா.

பூரணி சிரித்தாள். அக்காம்பராவில் எழுந்த கடைசிச் சிரிப்பு அது.

வீட்டுத் தேங்காயெண்ணெய் சில நாளில் தீர்ந்தது. முயல்களோ பல, ஒவ்வொன்றுக்கும் ஒரு கரண்டி வேண்டும். கண்டாக்கு விடிந்தால் வந்து நிற்பார். வீரய்யா அடுப்படியில் நெடுநேரம் குந்தியிருந்தான். பிறகு உறியில் வேலாயி வைத்திருந்த இரண்டு நல்லெண்ணெய்ப் போத்தல்களுள், தக்கை திறவாத போத்தலை எடுத்தான். எடுத்த அளவுக்குத் தேயிலைச் சாயத் தண்ணீரை அதில் ஊற்றி வைத்தான். எண்ணெய் மேலே மிதந்தது. சாயம் கீழே தங்கிற்று. கறுப்புக் கண்ணாடிப் போத்தலாதலால் கலப்பு வெளியே தெரியவில்லை. நாள்தோறும் அதனையே செய்தான்.

எள்ளெண்ணெய் மணத்த தவிட்டை முயல்கள் சட்டியை நக்கித் தின்றன. புதிதாய் ஈன்ற தாய்களுக்குப் பால் கட்டிற்று. தோலுரித்த எலிபோல் கிடந்த குட்டிகள் வெண்பட்டு மயிர் போர்த்து, கண் திறந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. ரோசியோ கழுத்து மடிந்து, இரு கையாலும் தூக்கவேண்டிய பாரமாயிற்று. துரை அதைத் தூக்கிப் பார்த்து, "வீரயா, நல்லா குண்டு! மாட்டுக் கொழுப்பு நல்ல சாமான்!" என்று அவன் தோளில் தட்டினார். கண்டாக்கும் பல் தெரியச் சிரித்தார்.

அதே நாள்களில், லயத்து நாய்களும் மினுமினுத்தன. எலும்பை எண்ணிப் பார்க்கலாம் என்று கிடந்த நாய்கள் அவை. வேலாயி வாசலில் உட்கார்ந்து வியந்தாள்.

"ஏன் மாப்பிள, இந்தத் தோட்டத்துல நாய்க்கெல்லாம் எண்ணெய் தேச்சு முழுக்காட்டுறாங்களா? நேத்து ஒண்ணு என்னப் பாத்து உறுமுது. தின்னு கொழுத்த உறுமல். கண்டாக்கு ஐயா மாதிரியே இருக்கு."

வீரய்யா தவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்கு நடந்தான்.

*

முதற்போத்தல் தீர்ந்து, வேலாயி இரண்டாவதின் தக்கையைப் பிடுங்கினாள். சோற்றின்மேல் சரித்தாள். ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. அதன்பின்னே சாயம் கறுப்பாய்க் கொட்டிச் சோற்றை நனைத்தது.

அவள் போத்தலை முகர்ந்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு அடுப்பிலிருந்து எரிந்த கட்டையை உருவிக்கொண்டு வெளியே வந்து, மருமகனின் தோளில் இறக்கினாள். தீப்பொறி பறந்தது. அவன் கட்டையைப் பற்றி முறித்து எறிந்தான்.

"குடிச்சியா? வித்தியா? சொல்லுடா! எம் மக எண்ணெய என்னடா பண்ணுன?"

மரியாதை போயிற்று. போகவேண்டியதே.

"முயலுக்கு ஊத்துனேன்," என்றான் வீரய்யா.

அடுத்த காம்பராவினர் கதவைத் திறந்தனர். அவன் தலை குனிந்து, காப்பைத் திருகிக்கொண்டே, தகரம், கொழுப்பு, கான், தவிடு என எல்லாவற்றையும் ஒப்பித்தான். "மாட்டுக் கொழுப்பத் தொட்ட கையோட கம்பத்துக்குத் தண்ணி ஊத்த முடியுமா அத்தே? ஊத்தாம இருக்க முடியுமா? தவிடு மினுங்கலன்னா பத்துச்சீட்டக் குடுத்து வேலைய விட்டு வெரட்டிருவான். அப்புறம் எந்தத் தோட்டத்துல எந்தக் காம்பராவுல இந்தப் புள்ளையப் படுக்க வைக்க?"

பூரணி சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையைத் தாயிடம் கொடுத்தாள்.

"மொதப் போத்தல் அடியத் தட்டுன நேத்துலருந்து எனக்குப் பால் கொறையுது. புள்ள சப்பிச் சப்பிப் பாத்துட்டு அழுவுது. ஒங்ககிட்டச் சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"சொன்ன பொறவும் ஊத்துனீங்க."

"பூரணி..."

"மொயலுக்குப் பால் ஊறுது. எனக்கு வத்துது. ஒங்க சாமிக்கு மாட்டுக் கொழுப்பு ஆகாது. பொண்டாட்டி புள்ள பட்டினி கெடந்தா மட்டும் ஆகுமா? எரியப் போற கம்பத்துக்கு எதுக்குங்க தண்ணி? இங்க ரெண்டு எரிஞ்சாச்சு, மூணாவதுக்கும் சேத்து..."

அவன் அடித்தான். மூடிய கையால் வாயில் அடித்தான். அவள் சுவரில் மோதிச் சரிந்து, மறுகணமே எழுந்தாள். கீழுதடு பிளந்திருந்தது. அவள் அவனுடைய கையைப் பிடித்தாள். பிடித்து, வாயில் நிரம்பிய இரத்தத்தை அந்த மணிக்கட்டின்மேல் துப்பினாள். மஞ்சள் நூல் சிவந்தது.

"இப்ப சுத்தமா இருக்குதா?" என்றாள்.



*

மறுநாள் விடியலில் வீட்டில் ஒரு சொட்டு எண்ணெயும் இல்லை. வீரய்யா ஒரு முடிவுக்கு வந்திருந்தான். கம்பத்துக்குக் கடைசியாக ஒருமுறை தண்ணீர் வார்த்துவிட்டு, காப்பை அவிழ்த்து அதன் அடியிலேயே வைத்துவிட்டு வந்து, தகரத்தில் கை வைப்பது. சாமி தண்டித்தால் தண்டிக்கட்டும். வந்த தகரத்தைக் கானிற் கவிழ்க்காமல், மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்து, கொட்டில் வாசலில் ஆயத்தமாக வைத்துவிட்டுக் குடத்தோடு கம்பத்தடிக்கு இறங்கினான். துரையின் கட்டளைக்குப் பணிவதென்று அவன் துணிந்த முதல் நாள் அது.

பனிமூட்டம் தேயிலைமேல் வெள்ளைத் துணிபோலக் கிடந்தது. நாய்கள் வழக்கம்போல் கானுக்கு வந்தன. மண்ணைக் கிளறின, அன்று புதிதாக ஒன்றும் இல்லை. மணம் கொட்டில் வாசலிலிருந்து வந்தது. தகரத்துக்காக ஒன்றையொன்று கடித்துக் குதறின, தகரம் உருண்டது, கொழுப்புக் கதவுப் பலகையில் வழிந்தது. பலகையை நக்கிய நாய்கள் அதனைக் கவ்வி இழுத்தன. உளுத்த பலகை பெயர்ந்தது.

முயலுக்குக் குரல் உண்டு என்பதனை மொட்டைக்கல் தோட்டத்தார் அன்றுதான் அறிந்தனர். பச்சிளங்குழந்தையின் வீறிடல் போன்ற குரல் அது. பெரட்டுக்களத்தில் நின்ற பெண்கள் காதைப் பொத்தினர். காம்பராவில் பூரணி, தன் பிள்ளைதான் கதறுகிறது என்று பதறி மார்போடு அணைத்துப் பார்த்தாள், பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தது.

வீரய்யா குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். கீழ்த்தட்டுக் கூடுகள் யாவும் உடைந்திருந்தன. ஒரு நாய் தாய் முயலை முதுகிற் கவ்வி உதறிக்கொண்டிருந்தது. மற்றொன்று குட்டிகளைக் கடிக்காமலே விழுங்கிற்று. வெண்மயிர் பனியோடு பனியாகப் பறந்தது. அவன் மண்வெட்டியை எடுத்துச் சுழற்றினான். முதல் வீச்சில் ஒரு நாயின் தாடை தொங்கிற்று. அடுத்த வீச்சில் அதன் மண்டை பிளந்தது. மற்றொன்று அவன் வலக்கையைக் கவ்விற்று. அதன் தொண்டையை இடக்கையால் நெரித்தபடி, அவனும் நாயும் முயல்களின் குடலுக்குள் புரண்டனர். ஆட்கள் தடியோடு ஓடிவந்த பிறகே மற்றவை கலைந்தன.

மேல்தட்டில், கம்பி வலைக்குப் பின்னே, ரோசி மட்டும் மூக்கை அசைத்துக்கொண்டிருந்தது.

கண்டாக்கு வந்தவுடன் எதையும் கேட்கவில்லை, பிரம்பை எடுத்தார். இரத்தம் ஒழுகும் கையைத் தூக்கி முகத்தை மறைத்தவனை, அந்தக் கையின்மேலேயே அடித்தார். அடித்துக் களைத்து அவர் மூச்சு வாங்கியபோது, நாய்கள் கிளறிய கான் கண்ணிற் பட்டது. மண்ணுக்கடியில், நாய்கள் தின்று மிஞ்சிய கொழுப்பு வெள்ளைக் கட்டிகளாக உறைந்து கிடந்தது.

"டேய்... இதென்னடா இது?"

துரையும் வந்துவிட்டார். கானைப் பார்த்தார், கொட்டிலைப் பார்த்தார். "அப்ப முயல் என்ன தின்னான்?" என்று கேட்டார்.

"என் பொண்டாட்டிக்குப் புள்ள பெத்ததுக்கு வெச்சிருந்த எண்ணெய்ங்க தொரை."

துரை திரும்பிக் கானை மறுபடியும் பார்த்தார். அவர் வெட்கப்பட்டிருப்பார் என்று எண்ணுவோர் துரைமாரை அறியாதவர். தம் இதழும் தம் மாட்டுக் கொழுப்பும் பொய்யாகிவிட்ட கோபமே அவர் முகத்தில் இருந்தது.

"ரோசி பங்களாவுக்கு," என்றார். "இவன் ரோட்டுக்கு."

ரோசியைக் கொண்டுபோகப் பெட்டி இல்லை. கொட்டிலோ உடைந்து கிடந்தது. கண்டாக்கு யோசித்துச் சொன்னார்: "தச்சன் பெட்டி அடிச்சு முடிக்கும் வரைக்கும், உன்ர கைக்குப் பழகினது, உன்ர காம்பராவில இருக்கட்டும். பின்னேரம் வந்து எடுப்பன். ஒரு மயிர் உதிர்ந்தாலும் உன்னைப் பொலிசில குடுப்பன். நாளைக்கு விடியக் காம்பரா காலியா இருக்க வேணும்."

*

வீரய்யா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வேலாயி வெந்நீரால் அவனுடைய கையைக் கழுவினாள். நேற்று அடித்தவளே இன்று கழுவினாள். கடிவாயில் தடவ ஒரு துளி எண்ணெய் அந்த வீட்டில் இல்லை. இரத்தத்தில் ஊறிய காப்பு, வீங்கிய சதைக்குள் புதைந்திருந்தது.

மூலையில், கவிழ்த்த கொழுந்துக் கூடைக்குள் ரோசி இருந்தது. பூரணி அதன் முன்னே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை அழுது அழுது, குரல் இற்று, பூனைக்குட்டிபோல் முனகிற்று.

"ஆத்தா, அடுப்ப மூட்டு."

"அரிசி இல்லடி."

"அரிசி வேணாம். சட்டிய வையி."

"என்னாடி பண்ணப் போற?"

"என் எண்ணெய எடுக்கப் போறேன்."

அவள் கூடையைத் தூக்கினாள். ரோசி ஓடவில்லை, ஓடும் உடம்பா அது? பின்னங்கால்களைப் பற்றித் தூக்கி, கவ்வாத்துக் கத்தியின் பின்புறத்தால் பிடரியில் ஓங்கி அடித்தாள். ஒரு துடிப்பு. பிறகு கத்தியைத் திருப்பினாள்.

வீரய்யா எழுந்து உட்கார்ந்தான். "ஏய்! காப்புக் கட்டுன வீடுடி! கறி பொழங்கக்கூடாதுடி!"

"காப்பு ஒங்க கையில. பசி என் வயித்துல."

"பொலிசுல புடிச்சுக் குடுப்பாங்கடி..."

"ரோட்டுல கெடந்து புள்ளையச் சாவக் குடுக்குறதுக்கு, பொலிசு ஒண்ணும் கெட்ட எடமில்ல. படுங்க."

தோல் சட்டைபோல் கழன்றது. வயிற்றைக் கீறியபோது, உள்ளே வெண்ணெய் திரண்டதுபோல் கொழுப்பு, கை நிறைய. வேலாயி அதைக் கண்டு, வைக்கப்போன ஒப்பாரியை நிறுத்திவிட்டாள். "அடி ஆத்தா... மாத்தளை எண்ணெய் பூராவும் இங்கதான் இருக்கு!"

கொழுப்பை முதலிற் சட்டியில் இட்டனர். எண்ணெய் வாராமலே சட்டியில் எண்ணெய் கண்டது. மிச்சமிருந்த பூண்டையும் மிளகையும் அதில் தட்டிப் போட்டனர். வீடு முழுவதும் மணம் எழுந்தது. பூரணி சட்டியின் முன்னே சம்மணமிட்டு உட்கார்ந்து தின்னத் தொடங்கினாள். பிளந்த உதட்டில் காரம் பட்டு எரிந்தது, கண்ணீர் வழிந்தது, நிறுத்தவில்லை. எலும்பை உறிஞ்சினாள். தாய்க்குக் கொடுக்கவில்லை, தாயும் கேட்கவில்லை. கணவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. சட்டியின் அடியிற் படிந்த கொழுப்பை விரலால் வழித்து நக்கினாள்.

பெட்டி தூக்கிய பங்களா வேலைக்காரனோடு கண்டாக்கு வந்தபோது, அவள் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எங்கை ரோசி?"

"தோலு கூரையில காயுதுங்க ஐயா. தொரைக்கு வேணுமின்னா எடுத்துக்கிட்டுப் போங்க."

கண்டாக்குக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. கூரை விளிம்பில் வெள்ளையாய்த் தொங்கியதைக் கண்டார். "அடி பாவி! அதின்ர பெறுமதி தெரியுமோடி உனக்கு? என்னடி செய்தனீ?"

"என் எண்ணெயத் திருப்பி வாங்கிக்கிட்டேன்."

பிரம்பு ஓங்கிற்று. பூரணி குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பினாள். அடி அவள்மேல் விழவில்லை. உள்ளே கிடந்த வீரய்யா எப்போது எழுந்தான், எப்போது குறுக்கே வந்தான் என்பதனை எவரும் காணவில்லை. கடிபட்ட கையைத் தூக்கி ஏற்றான். காப்பு நூல் அறுந்து, படியில் விழுந்தது. இரண்டாம் அடியையும் ஏற்றான். மூன்றாவதற்குப் பிரம்பை எட்டிப் பிடித்தான், விடவில்லை. கண்டாக்கு இழுத்தார், வரவில்லை. வரிசையாகக் காம்பராக் கதவுகள் திறந்தன.

கண்டாக்கு பிரம்பை விட்டுவிட்டு, வாசற்படியில் கிடந்த கறிச்சட்டியை உதைத்தார். ஒரு துண்டு கறியும் சிந்தவில்லை. வெறுஞ்சட்டி படியிறங்கி உருண்டு, லயத்துக் கானில் விழுந்தது. மினுமினுப்பான நாயொன்று வந்து அதற்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லாமல் திரும்பிற்று.

இவ்வளவு நேரமும் குழந்தை அழவில்லை. மார்பில் முகம் புதைத்து, கழுத்து நரம்பு அசைய, விழுங்கும் ஓசை வெளியே கேட்கும்படி குடித்துக்கொண்டிருந்தது.